எந்த நோட் எந்தக் கைக்கு: பியானோ ஸ்கோரில் கைகளைக் குறிக்கும் முறை

மேல் ஸ்டாஃப் (நோட்டுகளை எழுதும் ஐந்து கோட்டு வரி) வலக்கைக்கு, கீழ் ஸ்டாஃப் இடக்கைக்கு என்று பியானோ வகுப்பின் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறோம். எளிய பாடங்களில் அந்தக் கணக்கு பிசகுவதில்லை. கீழிருந்து ஏறிவரும் ஆர்ப்பெஜியோவை (சேர்ந்தொலிக்கும் நோட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பது) பாதியில் மற்றக் கை வாங்கிக்கொள்ளும் இடம் வந்ததும் பிசகிவிடுகிறது. ஸ்டாஃபின் முதல் வேலை நோட்டின் உயரத்தைக் காட்டுவது. கையைக் காட்டுவது அதோடு ஒட்டிக்கொண்ட வழக்கம். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக இசையமைப்பாளர் ராவேல் 1929-30இல் எழுதிய கான்செர்ட்டோவில் பியானோ பகுதி முழுவதும் இடக்கைக்கு மட்டுமே. ஆனாலும் அது இரண்டு ஸ்டாஃபில்தான் அச்சாகியிருக்கிறது.

கணினியில் ஸ்கோர் எழுதும் பலர் நோட்டுகளை உயரம் பார்த்து ஏதாவது ஒரு ஸ்டாஃபில் போட்டுவிட்டு, கடைசியில் ‘வலக்கை’, ‘இடக்கை’ என்று ஆங்காங்கே எழுத்து ஒட்டுகிறார்கள். வேலையை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு நோட்டையும் அதை வாசிக்கும் கையின் ஸ்டாஃபில் முதலில் உள்ளிடுங்கள். அடுத்து, படிக்க வசதியான ஸ்டாஃபுக்கு அதை நகர்த்திக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் ஐயம் எழும் இடத்தில் மட்டும் எழுத்தோ கோடோ சேருங்கள். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் பாதி இடங்களில் எழுத்தே தேவைப்படாது. மிடி கோப்பாக (எந்தக் கட்டை எப்போது ஒலிக்க வேண்டும் என்று பதியும் கோப்பு) ஏற்றுமதி செய்யும்போதும் கைகள் சரியாகப் பிரிந்து வரும்.

கீழே உள்ள படிகள் மியூஸ்ஸ்கோர் 4 என்ற ஸ்கோர் எழுதும் மென்பொருளுக்கானவை. இலவசம் என்பதால் நம்மில் பெரும்பாலோர் அதில்தான் தொடங்குகிறோம். டோரிகோ, சிபேலியஸ், லில்லிபாண்ட் ஆகிய மற்ற மென்பொருள்கள் பற்றிப் பின்னால் வருகிறது. மேக் கணினியில் கன்ட்ரோல் விசைக்குப் பதில் கமாண்ட் விசை.

எந்த எழுத்து?

ஆங்கிலப் பதிப்புகளில் ஆர்.எச். (ரைட் ஹேண்ட்), எல்.எச். (லெஃப்ட் ஹேண்ட்) என்று இருக்கும். இத்தாலிய வழக்கில் வலக்கைக்கு எம்.டி. (மானோ டெஸ்ட்ரா), இடக்கைக்கு எம்.எஸ். (மானோ சினிஸ்ட்ரா). பிரெஞ்சு வழக்கிலும் வலக்கை எம்.டி.தான் (மேன் ட்ருவாத்). இடக்கை மட்டும் எம்.ஜி. (மேன் கோஷ்). ஜெர்மன் பதிப்புகளில் ரெக்டெ ஹான்ட், லிங்கெ ஹான்ட் என்பவற்றின் முதலெழுத்துகள். அவை ஆங்கில எழுத்துகளோடு ஒத்துப்போவதால் யாருக்கும் குழப்பமில்லை. எம்.டி. இரண்டு மொழிக்கும் பொது என்பதால்தான் ஒரே ஸ்கோரில் சில பக்கங்களில் எம்.எஸ்., சில பக்கங்களில் எம்.ஜி. என்று கலந்துவிடுகிறது. வேறு வேறு பதிப்புகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது இது அடிக்கடி நேரும். ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அதையே வைத்திருங்கள். ஸ்கார்லாட்டி சொனாட்டாக்களின் பழைய கையெழுத்துப் பிரதிகளில் வலக்கைக்கு டி, இடக்கைக்கு எம் என்ற ஒற்றை எழுத்துகள் இருக்கும். அங்கே எம் என்பது ‘மான்கா’, அதாவது இடது. அப்படிப்பட்ட மூலத்தைப் பெயர்த்தெழுதும்போது அந்த எம்மை ‘மானோ’ என்று நினைத்து மேற்கொண்டு ஏதாவது சேர்த்துவிடாதீர்கள்.

ஒரு கை மற்றதைத் தாண்டிப் போகும்போது எந்தக் கை என்று சொன்னால் மட்டும் போதாது. மேலாகவா, கீழாகவா என்றும் தெரிய வேண்டும். மேலே போகும் கைக்கு ‘சோப்ரா’, அடியில் போகும் கைக்கு ‘சோட்டோ’. இரண்டு கையும் ஒரே ஐந்தாறு கட்டைகளுக்குள் நெருங்கும் இடத்தில் இந்த ஒரு சொல் வாசிப்பவருக்கு அரை மணி நேரத் தடுமாற்றத்தை மிச்சப்படுத்தும்.

ஒரு முழு உதாரணம்

4/4 தாளத்தில் ஒரு மெஷர் (நான்கு பீட் கொண்ட ஒரு கட்டம்) எடுத்துக்கொள்வோம். முதல் பீட்டில் இடக்கை நான்கு சிக்ஸ்டீன்த் (கால் பீட்) நோட்டுகள்: சி2, ஜி2, சி3, இ3. இரண்டாம் பீட்டில் வலக்கை அதே ஓட்டத்தைத் தொடர்கிறது: ஜி3, சி4, இ4, ஜி4. சி4 என்பது நடு சி. இதில் வம்பு செய்வது ஜி3 மட்டுமே. மேலே உள்ள ட்ரெபிள் ஸ்டாஃபில் எழுதினால் அது இரண்டு லெட்ஜர் கோடுகளுக்கும் (ஸ்டாஃபுக்கு வெளியே போடும் சிறு கோடுகள்) கீழே தொங்கும். கீழே உள்ள பேஸ் ஸ்டாஃபிலோ மேல் இடைவெளியில் பாங்காக உட்காரும். வாசிப்பது வலக்கை, தோன்ற வேண்டியது கீழ் ஸ்டாஃபில்.

1. கீழ் ஸ்டாஃபில் முதல் பீட்டைத் தேர்ந்து ‘என்’ விசையை அழுத்தி உள்ளீட்டு நிலைக்குப் போங்கள். 3 அழுத்தினால் சிக்ஸ்டீன்த். இடக்கையின் நான்கு நோட்டுகளையும் போடுங்கள். ஆக்டேவ் தவறினால் கன்ட்ரோலோடு மேல் அல்லது கீழ் அம்பு.

2. மேல் ஸ்டாஃபில் முதல் பீட்டுக்கு குவார்ட்டர் ரெஸ்ட், அதாவது ஒரு பீட் மௌனம் (5, பிறகு 0). இரண்டாம் பீட்டில் வலக்கையின் நான்கையும் போடுங்கள். ஜி3 அசிங்கமாகத் தொங்கும், தொங்கட்டும்.

3. எஸ்கேப் அழுத்தி வெளியே வந்து ஜி3ஐ மட்டும் தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், கீழ் அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நோட் பேஸ் ஸ்டாஃபில் போய் அமரும். பீம் (நோட்டுகளை இணைக்கும் தடித்த கோடு) அறுபடாது, உயரமும் மாறாது. திரும்பக் கொண்டுவர அதே விசைகளோடு மேல் அம்பு.

4. பீமின் இடத்தைத் தீர்மானியுங்கள். நான்கில் ஒன்றே ஒன்று இடம் மாறியிருக்கும் இங்கே பீம் மேலேயே இருப்பது நல்லது: வலக்கை நோட்டுகள் எல்லாவற்றுக்கும் ஸ்டெம் (நோட்டின் தண்டு) மேல்நோக்கியும், இடக்கையின் நான்குக்கும் கீழ்நோக்கியும் நிற்கும். கை தானாகத் தெரிந்துவிடும். பாதிக்கு மேல் இடம் மாறினால் பீமை இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவில் விடுவது சரி. பீமைத் தேர்ந்து எக்ஸ் அழுத்தினால் பக்கம் மாறும். சாய்வு பிடிக்கவில்லையென்றால் பீமின் முனையில் தோன்றும் கைப்பிடியை அம்பு விசைகளால் நகர்த்தலாம்.

5. மேல் ஸ்டாஃபின் முதல் பீட்டிலும் கீழ் ஸ்டாஃபின் இரண்டாம் பீட்டிலும் குவார்ட்டர் ரெஸ்ட் மிஞ்சியிருக்கும். ஒரே ஓட்டத்தை இரண்டு கைகள் பகிரும்போது அவை வெறும் இரைச்சல். தேர்ந்து வி அழுத்தி மறையுங்கள். திரையில் சாம்பல் நிறத்தில் தெரியும், அச்சில் வராது. ஒரே ஸ்டாஃபில் தனித்தனியாக ஓடும் இசைவரிகளுக்கு வாய்ஸ் என்று பெயர். முதல் வாய்ஸின் ரெஸ்ட்டை மியூஸ்ஸ்கோரில் அழிக்க முடியாது, மறைக்கத்தான் முடியும். இரண்டு முதல் நான்கு வரையிலான வாய்ஸ்களில் அழிக்கலாம்.

இவ்வளவு செய்த பிறகு இந்த மெஷரில் ஓர் எழுத்துகூடத் தேவையில்லை. கீழ் ஸ்டாஃபில் இருக்கும் ஜி3இன் ஸ்டெம் மேல்நோக்கிப் போய் வலக்கையின் பீமில் சேர்வதே போதுமான அறிவிப்பு. இதே வடிவம் பல மெஷர்களுக்குத் தொடர்ந்தால் முதல் இடத்தில் மட்டும் ஆர்.எச். போட்டு விட்டுவிடலாம். ஒவ்வொரு மெஷரிலும் போட்டால் வாசிப்பவர் ஏதோ மாறியிருக்கிறது என்று நினைத்து நிற்பார்.

ஸ்டெம்மை நம்பலாமா?

‘மேல் ஸ்டெம் வலக்கை, கீழ் ஸ்டெம் இடக்கை’ என்பது நல்ல விதிதான். லிஸ்ட்டின் ‘உன் சோஸ்பிரோ’வில் இரண்டு கைகளும் மாறி மாறித் தொடும் மெலடியை இப்படித்தான் படிக்கிறோம். ஆனால் பீம் இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவில் ஓடும்போது விதி தலைகீழாகிறது. மேல் ஸ்டாஃபின் நோட்டுகள் பீமை நோக்கி ஸ்டெம்மைக் கீழே இறக்கும். கீழ் ஸ்டாஃபின் நோட்டுகள் மேலே ஏற்றும். அங்கே பார்க்க வேண்டியது நோட் பீமுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதை. இரண்டு முறையும் ஒரே பக்கத்தில் கலந்து வந்தால் அதுதான் எழுத்துக்கு உரிய இடம்.

மேலே பார்த்த எட்டு நோட்டுகளையும் ஒரே பீமில் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் ஒன்று என்று காட்ட அதுவே அழகு. ஆனால் ஒரே பீமில் சேரும் நோட்டுகள் ஒரே ஸ்டாஃபின் ஒரே வாய்ஸில் இருந்தாக வேண்டும். எனவே எட்டையும் மேல் ஸ்டாஃபில் உள்ளிட்டு, இடக்கையின் நான்கைக் கீழே நகர்த்த வேண்டியதுதான். தாளில் ஒரு குறையும் இருக்காது. உள்ளே மட்டும் மென்பொருள் எட்டையும் மேல் ஸ்டாஃபின் சொத்தாகவே கருதும்.

இது எப்போது வலிக்கும்? மிடி ஏற்றுமதியில். மியூஸ்ஸ்கோர் ஸ்டாஃபுக்கு ஒரு ட்ராக் வீதம் எழுதுகிறது. சிந்தேசியா போன்ற, நோட்டுகள் மேலிருந்து விழும் பயிற்சி மென்பொருள்கள் ட்ராக்கை வைத்துத்தான் கையைப் பிரித்து நிறம் கொடுக்கின்றன. நகர்த்திக் காட்டிய நோட் எந்த ஸ்டாஃபில் பிறந்ததோ அந்த ட்ராக்கில்தான் போகும். யூடியூபுக்காக இப்படி வீடியோ செய்கிறவர்கள் ‘இடக்கை நோட் ஏன் வலக்கை நிறத்தில் வருகிறது’ என்று தேடும் கோளாறு பெரும்பாலும் இதுதான். இதற்குக் குறுக்குவழி கிடையாது. அச்சுக்கு ஒரு கோப்பு, மிடிக்கு ஒரு கோப்பு என்று இரண்டாகச் சேமித்து, இரண்டாவதில் பீமைப் பற்றிக் கவலைப்படாமல் கைக்கு ஏற்ற ஸ்டாஃபில் நோட்டுகளை மாற்றி வையுங்கள்.

கோணக் கோடு

கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் நோட்டுகளின் கூட்டு) ஒன்றின் சில நோட்டுகளை மட்டும் மற்றக் கை எடுக்கும்போது எழுத்தைவிடக் கோடு தெளிவு. நோட்டுகளின் இடப்பக்கம் ஒரு செங்குத்துக் கோடு, ஒரு முனையில் மட்டும் வலப்புறம் திரும்பும் சின்னக் கொக்கி. வலக்கை கீழ் ஸ்டாஃபிலிருந்து நோட் எடுத்தால் கோடு மேலிருந்து இறங்கி, எடுக்கும் கடைசி நோட்டின் அடியில் கொக்கி போடும். இடக்கை மேல் ஸ்டாஃபிலிருந்து எடுத்தால் கோடு கீழிருந்து ஏறி, எடுக்கும் உச்ச நோட்டின் மேல் கொக்கி போடும். கொக்கி இருக்கும் இடம்தான் அந்தக் கையின் எல்லை என்று நினைவில் வைத்தால் திசை மாறாது.

மியூஸ்ஸ்கோரின் ஆர்ப்பெஜியோ பேலட்டில் (குறிகளை எடுத்துப் போடும் பட்டியல்) இரண்டு முனையிலும் கொக்கி உள்ள பகர அடைப்புக்குறி ஒன்று இருக்கும். கார்டோடு ஒட்டிக்கொள்வதால் அதைப் போட்டுவிடத் தோன்றும். அதன் பொருள் வேறு: ‘உருட்டாமல் எல்லா நோட்டையும் ஒரே நேரத்தில் அடி’. உருட்டிய கார்டுகள் நிறைந்த பக்கத்தில் அதைக் கைக்குறியாகப் பயன்படுத்தினால் வாசிப்பவர் நிச்சயம் தவறாகப் படிப்பார்.

மியூஸ்ஸ்கோரில் கோணக் கோட்டைக் கோடுகள் பேலட்டில் உள்ள சாதாரணக் கோட்டிலிருந்து உருவாக்கலாம். நோட்டைத் தேர்ந்து கோட்டைச் சேருங்கள். ப்ராப்பர்ட்டீஸ் பலகத்தில் (எஃப்8) சாய்கோட்டை அனுமதிக்கும் பெட்டியை டிக் செய்து, ஒரு முனைக்கு மட்டும் 90 பாகைக் கொக்கி கொடுங்கள். பிறகு முனைக் கைப்பிடியை இழுத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒன்று சரியாக அமைந்ததும் கன்ட்ரோலும் ஷிஃப்ட்டும் பிடித்து அதை உங்கள் சொந்த பேலட்டுக்கு இழுத்துப் போட்டுவைத்தால் அடுத்த இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இந்தக் கோடு கையால் வைத்தது. வரிக்கு எத்தனை மெஷர் என்பதோ ஸ்டாஃப் இடைவெளியோ மாறினால் இடம் பிசகும். ஆகவே பக்க அமைப்பு முழுவதும் முடிந்த பிறகே கோடுகளில் கைவையுங்கள்.

எழுத்தைச் சேர்ப்பது

நோட்டைத் தேர்ந்து கன்ட்ரோல், டி. ஸ்டாஃப் டெக்ஸ்ட் திறக்கும். எழுத்தைத் தட்டச்சு செய்து எஸ்கேப். முதல் எழுத்திலேயே வடிவத்தை நிரந்தரமாக்கிவிடுவது நல்லது: ஃபார்மேட், ஸ்டைல், டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் வழியாகப் போய் ‘யூசர் 1’ என்பதில் எழுத்துரு, அளவு, சாய்வு எல்லாவற்றையும் அமைத்து, கைக்குறிகள் எல்லாவற்றுக்கும் அந்த ஸ்டைலையே கொடுங்கள். நாற்பது இடங்களில் போட்ட பிறகு அளவைச் சிறிதாக்கத் தோன்றினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். ஆர்.எச்., எல்.எச். என்றால் நேர் எழுத்தும், எம்.டி., எம்.எஸ். என்றால் சாய்வெழுத்தும் கண்ணுக்குப் பழகியவை.

அதே பட்டியலில் எல்.எச்., ஆர்.எச். என்று தொடங்கும் இரண்டு ஸ்டைல்கள் கண்ணில் படும். அவை கிட்டாரின் விரல்குறிகளுக்கானவை. பெயரைப் பார்த்துப் பியானோவுக்கு எடுத்தால் எழுத்து எதிர்பாராத இடத்தில் போய் ஒட்டும்.

குறி எந்த நோட்டைச் சேர்ந்ததோ அதன் இடப்பக்க ஓரத்தில் தொடங்க வேண்டும், நோட்டை ஒட்டியே இருக்க வேண்டும். இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவில் மிதக்கும் எல்.எச். மேலே உள்ளதற்கா, கீழே உள்ளதற்கா என்று யாருக்கும் தெரியாது. நடுவில் போட்டே ஆக வேண்டும் என்றால் உரிய ஸ்டாஃபை நெருங்கிப் போடுங்கள். மற்றக் கை தன் ஸ்டாஃபுக்குத் திரும்பும் இடத்தில் எதிர்க்குறி தேவையா என்றும் பாருங்கள். இடையில் ரெஸ்ட் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை; ஓட்டம் அறாமல் போனால் தேவை. விரல் எண்களும் இதில் கைகொடுக்கும். வலக்கை விரல்கள் நோட்டுக்கு மேலே, இடக்கை விரல்கள் கீழே என்பதைக் கறாராகப் பின்பற்றினால் பல இடங்களில் எண்ணே கையைச் சொல்லிவிடும்.

அழுத்திப் பிடித்த கட்டையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குச் சத்தமில்லாமல் மாற்றும் இடம் தனி. நோட்டை டையால் (ஒரே உயர நோட்டுகளைச் சேர்க்கும் வளைகோடு) இரண்டாகப் பிரித்து, இரண்டாவதன் மேல் புதிய கையின் குறியையும் விரல் எண்ணையும் போடுங்கள். டை ஒரே வாய்ஸுக்குள் நடப்பதால் இங்கே ஸ்டாஃபை மாற்ற முயல வேண்டாம். இரண்டு கைகளின் வரியும் ஒரே கட்டையில் ஒரே நேரத்தில் சந்தித்தால் நோட்டை இரண்டு ஸ்டாஃபிலும் எழுதி, உண்மையில் அடிக்காத கையின் நோட்டுக்கு அடைப்புக்குறி போடுங்கள். நோட்ஹெட் பேலட்டில் இருக்கிறது. ப்ராப்பர்ட்டீஸ் பலகத்தில் அந்த நோட்டின் ‘ப்ளே’ டிக்கை எடுத்துவிட்டால் ஒலி இரட்டிக்காது.

மற்ற மென்பொருள்களில்

டோரிகோவில் இந்தக் கருத்து விசைகளிலேயே பிரிந்திருக்கிறது. நோட்டைத் தேர்ந்து ‘எம்’ விசையை அழுத்தினால் கீழ் ஸ்டாஃபில் தோன்றும், ‘என்’ விசையை அழுத்தினால் மேல் ஸ்டாஃபில். பிறந்த ஸ்டாஃப் மாறாது. ஆல்ட்டோடு எம் அல்லது என் அழுத்தினால் நோட் உண்மையிலேயே அந்த ஸ்டாஃபுக்குக் குடிபெயர்ந்துவிடும். இரண்டையும் மாற்றி அழுத்துவதுதான் டோரிகோவில் பீம் திடீரென்று அறுபடுவதற்குக் காரணம். எழுத்துக்கு ஷிஃப்ட், எக்ஸ். கோணக் கோட்டுக்குக் கோடுகள் பலகத்தில் செங்குத்துக் கோடுகள் இருக்கின்றன. நோட்டுகளைத் தேர்ந்து சேர்த்தால் அவற்றோடு பிணைந்தே நகரும். கோடுகள் நிறைய வரும் ஸ்கோருக்கு நான் டோரிகோவைத்தான் பரிந்துரைப்பேன்.

சிபேலியஸில் ஸ்டாஃப் மாற்றும் விசைகள் மியூஸ்ஸ்கோரில் உள்ளவையே. எழுத்துக்கு டெக்னிக் டெக்ஸ்ட், கன்ட்ரோல், டி. ஃபினாலே என்ற இன்னொரு மென்பொருளின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. பழைய கோப்புகளை மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொதுக் கோப்பு வடிவத்தின் வழியாக வெளியே கொண்டுவருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வடிவம் ஒவ்வொரு நோட்டோடும் ஸ்டாஃப் எண்ணையும் வாய்ஸ் எண்ணையும் எழுதுகிறது. கைக்குறி வெறும் சொல்லாகத்தான் போகும். எனவே நகர்த்திய நோட்டுகள் பெரும்பாலும் பிழைத்துவிடும். எழுத்துகள் இடம் மாறி வரும், கையால் வரைந்த கோடுகள் தொலைந்துபோகும்.

ஸ்கோரைக் கட்டளைகளாகத் தட்டச்சு செய்யும் லில்லிபாண்டில் ‘சேஞ்ச் ஸ்டாஃப்’ கட்டளைக்கு ஸ்டாஃபின் பெயரைக் கொடுக்க வேண்டும். போய்ச் சேரும் ஸ்டாஃப் அந்தக் கணத்தில் உயிரோடு இருக்க வேண்டும். கீழ் ஸ்டாஃபில் எழுத எதுவுமில்லை என்றாலும் கண்ணுக்குத் தெரியாத ஸ்கிப் போட்டு அதை நீட்டிவையுங்கள். ‘ஆட்டோசேஞ்ச்’ கவர்ச்சியாகத் தெரியும். அது நடு சியை வைத்து உயரத்தால் பிரிக்கிறது. கையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அச்சுக்கு முன்

அக்சிடென்டல் (ஷார்ப், ஃப்ளாட் போன்ற குறி) அது எழுதப்பட்ட ஸ்டாஃபுக்கு மட்டுமே செல்லும். ட்ரெபிள் ஸ்டாஃபில் எஃப் ஷார்ப் போட்டுவிட்டு, அதே மெஷரில் அதே எஃப்பைக் கீழ் ஸ்டாஃபில் காட்டினால் ஷார்ப் மறுபடி வேண்டும். நகர்த்திய நோட் உள்ள ஒவ்வொரு மெஷரையும் இதற்காகவே ஒருமுறை தனியாகப் பாருங்கள். ஆக்டேவ் கோட்டுக்குக் கீழே நோட்டை நகர்த்துவதைத் தவிர்த்துவிடுங்கள்; எந்தக் கையின் நோட் எட்டு சுரம் உயர்கிறது என்று பக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நகர்த்திய நோட்டில் தொடங்கும் ஸ்லர் (இணைத்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு) பல நேரம் பீமைக் குறுக்கே வெட்டும், அதையும் கைப்பிடியால் வளைத்துச் சரிசெய்யுங்கள்.

நீண்ட ஸ்டெம்களும் நடுப் பீம்களும் இடம் கேட்கும். முன்னிருப்பு ஸ்டாஃப் இடைவெளியில் பீமும் டைனமிக்ஸும் (ஒலியளவுக் குறிகள்) கைக்குறியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், எழுத்தைத் தள்ளித் தள்ளி வைக்காமல் அந்த வரியின் இரண்டு ஸ்டாஃபையும் விலக்குங்கள்.

பிறகு பிடிஎஃப் எடுத்து, உண்மையான அளவில் தாளில் அச்சிட்டு, பியானோ ஸ்டாண்டில் வையுங்கள். அந்த இசையை முன்பு வாசிக்காத ஒருவரை உட்கார வைத்து, கை மாறும் இடங்களை மட்டும் மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் கை எங்கே காற்றில் நிற்கிறதோ அந்த மெஷரின் எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு கணினிக்குத் திரும்புங்கள்.